தராசு சொல்லாத கணக்கு

சிறு வயதில் தந்தையாருடன் இரயில் நிலையத்திற்குச் செல்லும்போதெல்லாம், அங்கே வண்ண விளக்குகள் மின்ன நின்றிருந்த எடை இயந்திரத்தின் மீது ஏறி நிற்பது எனக்குப் பெருவிருப்பம். நாணயத்தைப் போட்டதும் ஒரு சிறு அட்டை வந்து விழும். அதில் எடையும் இருக்கும். எதிர்காலப் பலனும் இருக்கும். "பலனை நம்பாதே, எடையை மட்டும் நம்பு" என்பார் தந்தையார். அவர் கூற்றின் முற்பகுதி முழு உண்மை. பிற்பகுதி பாதி உண்மைதான் என்பதை, இப் பல்கலைக் கழகத்திற்கு வந்து, என் உடம்பைச் சற்றுக் கெடுத்துக்கொண்ட பின்னரே அறிந்தேன். அந்த அனுபவத்தையும் அதன் பின்னுள்ள விஞ்ஞானத்தையும் நம் சங்கத்து நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக் கட்டுரையின் நோக்கம்.

ஆறு கிலோ குறைந்த கதை

வீட்டை விட்டு வந்த முதலாண்டிலேயே, விடுதிச் சாப்பாடும் நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து படிப்பதும் சேர்ந்து என் எடையை 72 கிலோவிற்கு உயர்த்திவிட்டன. என் உயரம் 168 சென்டிமீட்டர். என் தந்தையாருக்கு 46ஆம் வயதிலேயே நீரிழிவு கண்டது. ஆகவே எனக்கு அச்சம் பிறந்தது. காலை உணவை அறவே விட்டேன். இரவில் இரண்டு சப்பாத்தியோடு எழுந்துவிடுவேன். கொழுப்பு என்று எண்ணிப் பருப்பையும் தயிரையும்கூட ஒதுக்கினேன். மாலையில் ஒரு மணி நேரம் நடந்தேன். இரண்டே மாதங்களில் எடை 66 கிலோ ஆயிற்று. நண்பர்கள் பாராட்டினர், நானும் பெருமிதம் கொண்டேன். ஆனால் நூலகத்தின் மாடிப்படி ஏறினால் கால் தளர்ந்தது. வகுப்பில் பிற்பகல் முழுதும் அயர்வாயிருந்தது.

உடற்கல்வித் துறையில் ஆராய்ச்சி மாணவராயிருக்கும் நம் தமிழன்பர் ஒருவர், நான் 72 கிலோ இருந்தபோதே தம் ஆராய்ச்சிக்கென என்னை அளந்து வைத்திருந்தார். அவரிடம் என் வெற்றியைக் கூறினேன்.

"தம்பி, எதைக் குறைத்தாய்?" என்று கேட்டார்.

"ஆறு கிலோ குறைத்தேன், அண்ணா" என்றேன்.

"எவ்வளவு என்று நான் கேட்கவில்லையே, எதை என்றல்லவா கேட்டேன்?" என்று சொல்லி, மறுநாள் காலை வெறும் வயிற்றோடு சோதனைச் சாலைக்கு வரச் சொன்னார்.

அன்று கண்ட கணக்கு இது. முதல் அளவையில் என் உடம்பில் 100க்கு 29 பங்கு கொழுப்பு; அதாவது 72 கிலோவில் ஏறக்குறைய 21 கிலோ. மற்றவை 51 கிலோ. இரண்டாம் அளவையில் 100க்கு 28 பங்கு. 66 கிலோவில் பதினெட்டரைக் கிலோ. மற்றவை நாற்பத்தேழரைக் கிலோ. நான் இழந்த ஆறு கிலோவில் கொழுப்பு இரண்டரைக் கிலோ மட்டுமே! எஞ்சிய மூன்றரைக் கிலோ தசையும் நீரும் பிறவுமாகும். கையின் பிடிவலிமையை அளக்கும் கருவியிலும் முன்னைவிடக் குறைவான எண்ணே வந்தது. இடுப்புச் சுற்றளவோ 94 சென்டிமீட்டரிலிருந்து 92க்குத்தான் இறங்கியிருந்தது. சேமிப்புப் பணத்தை விட்டுவிட்டு வீட்டுத் தூணை விற்றவன் போலானேன்.

உடம்பு எதனால் ஆனது?

நம் எடை ஒரே பொருளின் எடை அன்று. எலும்பு, தசை, உறுப்புக்கள், நீர், கொழுப்பு என்னும் பலவற்றின் கூட்டுத்தொகை அது. கணக்கிற்கு வசதியாக விஞ்ஞானிகள் உடம்பை இரு கூறாகப் பிரிப்பர். ஒன்று கொழுப்பு, மற்றொன்று கொழுப்பு நீங்கிய பகுதி. பின்னதில் 100க்கு ஏறக்குறைய 73 பங்கு நீர்.

கொழுப்பைப் பகையாகக் கருதுவது தவறு. அது பசிக்காலத்திற்கான சேமிப்பு, உறுப்புக்களைத் தாங்கும் மெத்தை, குளிருக்குப் போர்வை, சில ஹார்மோன்கள் உருவாகவும் அது வேண்டும். இவ்வகையில் உயிர் வாழ்வதற்கே இன்றியமையாத கொழுப்பு ஆண்களுக்கு 100க்கு 3 பங்கு என்றும், மகப்பேற்றிற்கு உரிய உடலமைப்பால் பெண்களுக்கு ஏறக்குறைய 12 பங்கு என்றும் கணக்கிட்டுள்ளனர். அளவிற்கு மிஞ்சுவதும், இருக்கத் தகாத இடத்தில் இருப்பதுமே தீங்கு. தோலின் கீழ் உள்ள கொழுப்பைவிட, வயிற்றினுள் குடலைச் சூழ்ந்தும் கல்லீரலிலும் படியும் கொழுப்பு கொடியது. அது இன்சுலினின் வேலையைத் தடுத்து நீரிழிவிற்கு வழிகோலும்.

தசையின் பெருமையையும் இங்கே சொல்ல வேண்டும். உணவுக்குப் பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை இன்சுலினின் ஏவலால் மிகுதியாக வாங்கிக்கொள்வது தசையே. நீரிழிவுக்கு அஞ்சிப் பட்டினி கிடந்த நான், அந் நோயைத் தடுக்கும் காவலாளனையே வெளியேற்றினேன் என்பதை எண்ணும்போது இன்றும் நாணுகிறேன்.

குறியெண்ணின் வரலாறு

எடையை உயரத்தோடு ஒப்பிட வேண்டும் என்பது பழைய கருத்து. பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் அடால்ப் கெட்லே, வளர்ந்த மக்களின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிச் செல்கிறது என்று 1832இல் கண்டார். அவர் மருத்துவர் அல்லர். தனி மனிதனின் நோயைக் கணிப்பது அவர் நோக்கமும் அன்று. மக்கட் கூட்டத்தின் சராசரி இயல்பையே அவர் தேடினார். 1972இல் அமெரிக்க அறிஞர் ஆன்செல் கீஸும் அவருடைய குழுவினரும் இவ் விகிதத்தைச் சோதித்து, 'உடல் நிறைக் குறியெண்' என்னும் பெயரை அதற்கு இட்டனர். கிலோ கிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இவ் வெண் கிடைக்கும். 72 கிலோ இருந்தபோது என் எண் 25.5, 66 கிலோவில் 23.4.

பெருங்கூட்டத்தை ஆராய இது மிக எளிய கருவி. ஆனால் எடையில் எது தசை, எது கொழுப்பு என்று இது அறியாது. இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. 1942இல் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பெங்கேயும் அவர் துணைவரும் தொழில்முறைக் கால்பந்து வீரர் 25 பேரை ஆராய்ந்தனர். எடைப் பட்டியலின்படி அவர்களிற் பெரும்பாலோர் படைக்குத் தகுதியற்ற பருமனுடையோர். நீரில் நிறுத்துப் பார்த்தபோதோ, அப் பருமன் பெரிதும் தசையே என்று தெரிந்தது! பட்டியல் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொன்னது.

அளக்கும் வழிகள்

நீரில் நிறுக்கும் முறை ஆர்க்கிமிடீஸின் தத்துவத்தை அடியொற்றியது. இரசத்தின் மேல் நெய் மிதப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். கொழுப்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.9 கிராம், கொழுப்பு நீங்கிய பகுதியின் அடர்த்தி 1.1 கிராம். ஆகவே ஒருவரை வெளியிலும் நீரினுள்ளும் நிறுத்து, நுரையீரலில் தங்கிய காற்றிற்காகத் திருத்தம் செய்து, உடம்பின் அடர்த்தியைக் கண்டுவிட்டால் கொழுப்பின் பங்கைக் கணக்கிடலாம். 1961இல் சிரி என்னும் அறிஞர் வெளியிட்ட சூத்திரம் எளியது: 495ஐ அடர்த்தியால் வகுத்து, ஈவிலிருந்து 450ஐக் கழிக்க வேண்டும். அடர்த்தி 1.05 ஆயின், கொழுப்பு 100க்கு 21.4 பங்கு. கணித மாணவர்கள் அடர்த்தி 1.1 என்றும் 0.9 என்றும் இட்டுப் பார்க்கட்டும். முறையே சுழியும் நூறும் வருவதைக் கண்டு மகிழ்வர்.

இரண்டாவது, தோல் மடிப்பை அளத்தல். தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும் விரல்களாற் பற்றி, காலிப்பர் என்னும் இடுக்கியால் அதன் தடிப்பை அளப்பர். மேற்கையின் முன்புறம், பின்புறம், தோட்பட்டை எலும்பின் கீழ், இடுப்பெலும்பின் மேல் என்னும் நான்கு இடங்களை அளந்து கொழுப்பைக் கணிக்கும் முறையை டர்னின், வோமர்ஸ்லி என்போர் 1974இல் வெளியிட்டனர். செலவு மிகக் குறைவு. ஆனால் அளப்பவர் கை பழகியதாக இருத்தல் வேண்டும். ஒவ்வொரு முறையும் அவரே அளத்தலும் வேண்டும்.

மூன்றாவது, மின்சார முறை. இன்று உடற்பயிற்சிக் கூடங்களிலும், வீட்டு எடை இயந்திரங்களிற்கூடவும் காண்பது இதுவே. நாம் உணர முடியாத மிகச் சிறு மின்னோட்டத்தைப் பாதத்தின் வழியாகவோ கையின் வழியாகவோ செலுத்துவர். நீர் நிறைந்த தசை மின்சாரத்தை எளிதிற் கடத்தும், கொழுப்பு தடுக்கும். அத் தடையிலிருந்து உடம்பின் நீரையும், அதிலிருந்து தசையையும், எஞ்சியதாகக் கொழுப்பையும் இயந்திரம் ஊகித்துரைக்கிறது. ஊகம் என்பதை மறத்தலாகாது. வயிறு நிறைய உண்டபின், ஓடி வியர்த்தபின், தண்ணீர் அருந்தாமல் இருந்தபோது அளந்தால் எண் மாறும். ஆகவே ஒரே இயந்திரத்தில், காலையில், வெறும் வயிற்றில், சிறுநீர் கழித்தபின் அளக்க வேண்டும். ஓரிரு பங்கு வேறுபாட்டைக் கண்டு களிக்கவோ கலங்கவோ வேண்டா. என் கணக்கிலுள்ள 29, 28 என்பனவும் இத்தகைய ஊகங்களே. ஆயினும் இடுப்புச் சுற்றளவும், தோல் மடிப்பும், பிடிவலிமையும் ஒரே கதையைச் சொன்னமையால்தான் அண்ணன் அதை ஏற்றார்.

நான்காவது, டெக்ஸா என்னும் எக்ஸ்-கதிர்ப் படம். இரு வேறு ஆற்றலுள்ள கதிர்கள் எலும்பிலும் தசையிலும் கொழுப்பிலும் வெவ்வேறு அளவில் குன்றுவதைக் கொண்டு, எந்த உறுப்பில் எது எவ்வளவு என்று அது பிரித்துக் காட்டும். பெரிய மருத்துவ நிலையங்களில்தான் கிடைக்கும். நம்மில் பெரும்பாலோர்க்கு அது தேவையும் இல்லை.

இந்திய உடம்பின் இயல்பு

இனி நம் நாட்டினர் அனைவரும் கருத வேண்டிய செய்திக்கு வருகிறேன். 2004இல் புகழ்பெற்ற 'லான்செட்' மருத்துவ ஏட்டில் ஒரு பக்க அளவில் ஒரு படமும் குறிப்பும் வந்தன. புனே நகரைச் சேர்ந்த மருத்துவ அறிஞர் சித்தரஞ்சன் யாக்னிக்கும், இலண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் அதில் அருகருகே நின்றனர். இருவர் குறியெண்ணும் 22.3. ஆனால் ஆங்கிலேயர் உடம்பில் கொழுப்பு 100க்கு 9.1 பங்கு, இந்தியர் உடம்பில் 21.2 பங்கு! தராசும் அளவுகோலும் ஒன்றென்று சொன்ன இரு உடம்புகள், உள்ளே இவ்வளவு வேறாயிருந்தன.

இவ் வேறுபாடு கருவிலேயே தொடங்குகிறது என்பதைப் புனேயை அடுத்த சிற்றூர்களில் யாக்னிக் குழுவினர் நடத்திய ஆராய்ச்சி காட்டிற்று. 2003இல் வெளியான அவர்கள் கட்டுரையின்படி, அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌதாம்டன் நகரக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. நம் குழந்தைகளின் வயிற்று உறுப்புக்களும் தசையும் மிகச் சிறுத்திருந்தன. முதுகுத் தோலின் கீழுள்ள கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. 'மெலிந்த கொழுத்த குழந்தை' என்று அதற்குப் பெயரிட்டனர்.

இதைப் படித்தபோது என் தந்தையாரின் நினைவு வந்தது. அவர் வாழ்நாளில் 60 கிலோவைத் தாண்டியவர் அல்லர். "ஒல்லியான உடம்பு, இவருக்கு என்ன வரும்?" என்று உறவினர் எல்லாரும் சொல்வர். சர்க்கரை அவருக்குத்தான் முதலில் வந்தது. கையும் காலும் மெலிந்து, வயிறு மட்டும் சற்று முன்தள்ளிய அவர் தோற்றத்தின் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கிற்று. மெலிந்தவர்க்கு அச்சமில்லை என்னும் நம்பிக்கை, அவரைச் சோதனைக்குப் போகாமல் பல ஆண்டுகள் தடுத்துவிட்டது.

இது ஒரு வீட்டின் கதை மட்டும் அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு சென்னை ஆராய்ச்சி நிலையம் ஒன்று நாடு முழுதும் நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. வளர்ந்தோரில் 100க்கு 11.4 பேருக்கு நீரிழிவு இருப்பதாக அது கணித்தது. குறியெண்ணால் பருமனானோர் 28.6 பேர், வயிற்றுப் பருமன் உடையோரோ 39.5 பேர். இவ்விரு எண்களுக்கும் இடையே உள்ளவர்களைத் தராசு தப்பவிட்டுவிடும்.

இதனாலேயே இந்தியர்க்கு எல்லைகள் தாழ்த்தப்பட்டன. குறியெண் 23 முதல் எச்சரிக்கை. 25 முதல் பருமன் என்று 2009இல் இந்திய மருத்துவ அறிஞர்கள் கூடி வகுத்தனர். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் தாண்டலாகாது. 2025 ஜனவரியில் உலக வல்லுநர் குழு ஒன்றும், குறியெண்ணை மட்டும் கொண்டு ஒருவரைப் பருமனானவர் என்று முடிவு கட்டாமல், இடுப்பளவையாலோ கொழுப்பை நேரே அளந்தோ உறுதி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது.

ஒரு நாடாவும் ஒரு நூலும்

சோதனைச் சாலை இல்லாதவர் என் செய்வது? தையற்காரர் நாடா ஒன்று போதும். கடைசி விலா எலும்பிற்கும் இடுப்பெலும்பின் உச்சிக்கும் நடுவே, நாடாவைத் தரைக்கு இணையாகச் சுற்றி, இயல்பாக மூச்சை வெளிவிட்ட நிலையில் அளவு காண்க. வயிற்றை உள்ளிழுத்தல் நம்மை நாமே ஏமாற்றுவதாகும். நாடாவும் இல்லையெனில், உங்கள் உயரத்திற்கு ஒரு நூலை வெட்டி, அதை இரண்டாக மடித்து இடுப்பிற் சுற்றுங்கள். முனைகள் கூடினால் நலம். கூடாவிட்டால் கவனம் தேவை. இடுப்பு, உயரத்திற் பாதிக்குள் அடங்க வேண்டும் என்பதே கணக்கு.

அளவை காட்டிய வழி

அண்ணன் எனக்கு வகுத்த திட்டம் எளியது. முதலாவது, விரைவு கூடாது. பட்டினியின் முதல் வாரத்தில் எடை சரசரவென்று இறங்குவது பெரும்பாலும் நீரே. தசையிலும் கல்லீரலிலும் சேமித்த மாச்சத்து, தன்னைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அது கரையும்போது நீரும் வெளியேறுகிறது. பிறகு தசையும் கரைகிறது. 1944-45இல் ஆன்செல் கீஸ் மின்னசோட்டாவில் 36 இளைஞர்களை, அவர்கள் இசைவோடு, 24 வாரங்கள் அரைப் பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். எடையில் ஏறக்குறைய கால் பங்கை அவர்கள் இழந்தனர். மீண்டும் உண்ணத் தொடங்கியதும் தசையைவிட முந்திக்கொண்டு திரும்பியது கொழுப்பே. பட்டினி கிடந்து, விட்டு, மீண்டும் கிடப்பவர்க்கு இது பெரும் பாடம்.

இரண்டாவது, புரதம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை, வளர்ந்தோர்க்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். எனக்கு ஏறக்குறைய 55 கிராம். எடை குறைக்கும்போது இதற்குச் சற்று மேலாக உண்பது தசையைக் காக்கும். சிறுநீரக நோயுள்ளோர் மட்டும் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். விடுதியிலேயே பருப்பும், இராஜ்மாவும், கொண்டைக் கடலையும், தயிரும், முட்டையும் உண்டு. நான் தள்ளியவை இவையே. தள்ள வேண்டியிருந்தவை இனிப்புத் தேநீரும், எண்ணெயில் பொரித்த மாலைச் சிற்றுண்டியும், மலையெனக் குவித்த சோறுமே.

மூன்றாவது, தசைக்கு வேலை. நடை நன்று; ஆனால் நடை மட்டும் போதாது. வாரத்தில் இரு நாட்களேனும் தண்டால், பஸ்கி, எடை தூக்குதல் போன்ற வலிமைப் பயிற்சி வேண்டும். நான்காவது, உறக்கம். தேர்வுக் காலத்தில் இரவெல்லாம் விழிப்பவன் பசியை அடக்க முடியாது என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

ஆறு மாதம் இவ்வாறு செய்தேன். மூன்றாம் அளவையில் என் எடை 67 கிலோ. ஒரு கிலோ கூடிவிட்டது! முன்னாளாயின் மனமுடைந்திருப்பேன். கொழுப்போ 100க்கு 24 பங்கு. அதாவது 16 கிலோ. மற்றவை 51 கிலோ; இழந்த தசை மீண்டது. இடுப்பு 87 சென்டிமீட்டர். தராசு எனக்குத் தோல்வி என்று தீர்ப்புக் கூறிய ஆறு மாதங்களில் நான் பெற்ற வெற்றி இது.

முடிவாக ஒன்று

அளவை ஒரு விளக்கு. அதையே வணங்குதல் தகாது. நாள்தோறும் இயந்திரத்தில் ஏறி எண்ணுக்கு அஞ்சி உணவை வெறுக்கும் மாணவ மாணவியரையும் நான் கண்டிருக்கிறேன். அதுவும் ஒரு நோயே. நண்பர்கள் அவரை நகையாடாது மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். திங்களுக்கு ஒருமுறை நாடாவால் அளந்தால் சாலும்.

சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, நூலை வெட்டி மடித்து முதலில் என் தம்பியின் இடுப்பிற் சுற்றினேன். அவன் தந்தையாரைப் போலவே ஒல்லி, 58 கிலோதான். முனைகள் கூடவில்லை. தந்தையார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை அவனை இரத்தச் சோதனைக்கு அழைத்துச் சென்றவர் அவரே. சர்க்கரை சற்று ஏறியிருந்தது, நோய் ஆகவில்லை. மாற்றிக்கொள்ளக் காலம் இருக்கிறது என்றார் மருத்துவர். நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒல்லியானவர் ஒருவர் இருப்பார். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது ஒரு முழ நூலுக்குப் பதிலாக ஓர் ஆள் உயர நூலை எடுத்துச் செல்லுங்கள்.